கறுப்பு உருண்டையும் பாயும் புலியும்

சீன மருந்து வியாபாரிகளிடையே பழைய சொலவடை ஒன்று உண்டு. உருண்டை, பொடி, களிம்பு, குளிகை இந்த நான்கில் எது நல்லது, எது போலி என்று தேவர்களாலும் சொல்ல முடியாதாம். வேரை வேராகவே வாங்கினால் ஒடித்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ஓரத்தைக் கடித்தும் பார்க்கலாம். இடித்துச் சலித்துத் தேன் விட்டுப் பிசைந்து உருட்டிவிட்டால் எல்லாமே கறுப்பு. உள்ளே இருப்பது ஜின்செங்கா, காய்ந்த முள்ளங்கியா என்பது உருட்டியவனுக்கு மட்டுமே தெரியும்.

அப்படியென்றால் வாங்குகிறவன் எதை நம்பிக் காசு கொடுப்பான்? மேலே சுற்றியிருக்கும் தாளை நம்பித்தான். பெய்ஜிங்கில் தொடங்கி, ஹாங்ஜோ, ஷாங்காய், ஹாங்காங் என்று தெற்கே இறங்கி, சிங்கப்பூரில் முடிந்த ஒரு பயணத்தில் அரண்மனைகளைவிட மருந்துக் கடைகளில்தான் நான் அதிக நேரம் நின்றேன். வாங்கியது கொஞ்சம். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் அதிகம். நம் கண்ணுக்கு அந்தப் பெட்டிகள் ஒரே சந்தடியாகத் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒரு கிழவர் முகம், ஒரு மிருகம், நான்கு பக்கமும் எழுத்து, எழுத்துக்கு நடுவே முத்திரை. ரசனை கெட்ட வேலை என்று உதட்டைப் பிதுக்கும் வடிவமைப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பெட்டியைப் படமாகப் பார்க்கிறார்கள். அதை வழக்கு மன்றத்தில் வைத்த சாட்சிப் பட்டியலாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அங்குலமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது: நீ போலி இல்லை என்று நான் எப்படி நம்புவது?

தியானன்மென் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில் சீன தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெண்கலப் பாத்திரங்களைச் சுற்றித்தான் கூட்டம். நான் தேடிப்போனது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு செப்புத் தகடு. சோங் அரச காலத்தில் ஜினான் நகரத்தில் லியூ குடும்பத்தார் நடத்திய ஊசிக்கடையின் அச்சுத் தகடு அது. மேலே கடையின் பெயர். நடுவில் நின்றபடி உலக்கை போடும் ஒரு முயல். முயலுக்கு இருபுறமும், கடை வாசலில் உள்ள வெள்ளை முயலை அடையாளமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வாசகம். கீழே, உயர்ந்த உருக்குக் கம்பி வாங்கி நுண்ணிய ஊசி செய்கிறோம், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குச் சலுகை உண்டு என்ற அறிவிப்பு. உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சு விளம்பரங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

விற்றது தையல் ஊசி, மருந்து அல்ல. ஆனால் முயல் மருந்து முயல். நிலாவில் உட்கார்ந்து சாகா மருந்து இடிக்கும் முயலைச் சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் வழி விசாரித்துக்கொண்டு அந்த வாசலுக்கு வந்துவிடுவான். பிற்காலத்து மருந்துப் பெட்டிகளில் வரப்போகும் அத்தனையும் இந்தச் சிறு தகட்டில் ஏற்கெனவே இருக்கின்றன: பெயர், படம், தரத்துக்கு வாக்குமூலம், ஏமாறாமல் இருக்க ஓர் அடையாளம்.

சதுக்கத்திலிருந்து தெற்கே நடந்தால் சியன்மென் வாசல், அதைத் தாண்டி தாஷிலான் கடைத்தெரு. அங்கேதான் 1669இல் தொடங்கிய தோங்ரென்தாங்கின் கடை. 1723 முதல் அரண்மனை மருந்தகத்துக்குச் சரக்கு கொடுத்தவர்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசனையில் எனக்கு அதிமதுரமும் பட்டையும் மட்டும் பிடிபட்டன. சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள் கொண்ட மர அலமாரி, கையில் பிடித்து நிறுக்கும் சின்னத் தராசு, கல்லாப் பலகையில் விரித்த சதுரத் தாள்கள். பழைய பெய்ஜிங்கில் ஒரு மருந்துச் சீட்டில் பத்துச் சரக்கு இருந்தால் பத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுவார்களாம். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த மூலிகையின் படமும் குணமும் மரக்கட்டையில் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்குப் போய்ப் பிரித்து, சீட்டையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பானையில் போடலாம். சரிபார்க்கும் வேலையை வாங்கியவன் கையிலேயே கொடுத்த ஏற்பாடு. இன்று பல ஊர்களில் ஒரு வேளைக்கு ஒரு பிளாஸ்டிக் பை என்று முத்திரையிட்ட கஷாயமாகவே கொடுத்துவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அந்தக் கடையில் என்னை நிறுத்தியது மெழுகு உருண்டை. தேனில் பிசைந்த மருந்து காற்றுப் பட்டால் காய்ந்துவிடும், ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அதற்குக் கண்ட வழி இது. முதலில் ஒரு மரக் குண்டை உருகிய மெழுகில் முக்கி எடுத்துத் தண்ணீரில் ஆறவிடுவார்கள். இப்படிப் பலமுறை முக்கியதும் மேலே ஓடு கட்டும். ஓட்டை நடுவில் கீறி, மரக் குண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருந்தை வைத்து மூடுவார்கள். மூட்டுத் தெரியாமல் மறுபடி மெழுகில் ஒரு முக்கு. கடைசியில் மேலே மருந்தின் பெயரும் கடையின் பெயரும் முத்திரையாக விழும். ஓட்டை உடைக்காமல் உள்ளே கை வைக்க முடியாது. உடைத்தால் மறைக்க முடியாது. இன்றைய மூடிகளில் இருக்கும் ‘திறந்தால் தெரியும்’ வளையத்தின் வேலையை மெழுகும் ஒரு முத்திரையும் செய்திருக்கின்றன. விரலால் அழுத்தி உடைக்கும்போது வரும் ‘டக்’ என்ற சத்தத்துக்காகவே இன்னொன்று வாங்கலாம் போலிருந்தது. ஆனால் உள்ளே இருந்ததை மெல்ல வேண்டும் என்று சொன்னபோது அந்த ஆசை போய்விட்டது.

இந்த உருண்டைகளில் பெரிய இடத்துப் பிள்ளை ஆன்கோங் நியூஹுவாங். கடும் காய்ச்சலில் நினைவு தப்பியவர்களுக்கும் பக்கவாதத்துக்கும் என்று பெயர்பெற்றது. 1798இல் வூ ஜூதோங் எழுதிய நூலில் செய்முறை இருக்கிறது. கோரோசனை, கஸ்தூரி, முத்து, இங்குலிகம் என்று பட்டியலைப் படித்தால் நம் சித்த மருந்துக் கடைக்காரர் தலையாட்டுவார். மேலே தங்க ரேக்கு சுற்றியதும் உண்டு. காண்டாமிருகக் கொம்பும் அந்தச் சேர்மானத்தில் இருந்தது. 1993இல் சீன அரசு காண்டாமிருகக் கொம்புக்கும் புலி எலும்புக்கும் தடை போட்ட பிறகு அந்த இடத்தில் எருமைக் கொம்பு வந்தது. கண்ணாடி அலமாரியில், சரிகைப் பட்டு ஒட்டிய பெட்டியில், ஒற்றை உருண்டை கல்யாண மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்தே விலையை ஊகித்துக்கொண்டு நகர்ந்தேன்.

ஹாங்ஜோவுக்கு வருகிறவர்கள் மேற்கு ஏரிக்குத்தான் வருகிறார்கள். ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், வூஷான் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஹூ சிங் யூ தாங் மருந்துக் கடைக்கு ஏரிக்குக் கொடுத்த நேரத்தைவிட அதிகமாகக் கொடுத்தேன். அதற்காக வருந்தவில்லை. 1874இல் ஹூ சுவேயான் என்ற பெரும் வணிகர் தொடங்கியது. தெருவை ஒட்டி நெட்டுக்கு எழும் வெள்ளை மதில். அதில் ஆள் உயரத்தைத் தாண்டும் ஏழு கறுப்பு எழுத்துகளில் கடையின் பெயர். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. பெட்டிகளில் இண்டு இடுக்கு விடாமல் நிரப்புகிற அதே தொழில், சுவர் கிடைத்ததும் இத்தனை வெறுமையை விட்டு வைத்திருக்கிறது! தூரத்திலிருந்து தெரிய வேண்டியதற்கு ஒரு நியாயம், கையில் பிடித்துப் படிக்க வேண்டியதற்கு வேறு நியாயம். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது யாரும் வகுப்பெடுக்காமலே தெரிந்திருக்கிறது.

உள்ளே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய உத்தரங்களும் பொன்னெழுத்துப் பலகைகளும். எல்லாப் பலகைகளும் வாடிக்கையாளரைப் பார்த்துத் தொங்க, ஒன்று மட்டும் ஊழியர்கள் பக்கம் பார்த்துத் தொங்குகிறது. ஏமாற்றாதே என்பது அதன் தலைப்பு. 1878இல் ஹூ சுவேயானே எழுதியது. எந்த வியாபாரத்திலும் ஏமாற்றக் கூடாது, மருந்து உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் அறவே கூடாது என்பது சாரம். வாங்க வருகிறவனுக்குக் காட்டாமல் விற்கிறவனுக்கு மாட்டிய பலகை. இன்று வழிகாட்டி கொடியை ஆட்டியதும் முப்பது பேர் ஒரே சமயத்தில் பின்பக்கம் திரும்பிப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கடையின் மிகப் பெரிய விளம்பரமே இப்போது அதுதான். ஹூ சுவேயான் இதை எதிர்பார்த்தே மாட்டியிருப்பார் என்பது என் சந்தேகம். அவர் சாதாரண ஆளில்லை.

மான்களை வைத்து அவர் செய்ததைக் கேட்டால் சந்தேகம் வலுக்கும். முழு மானை வைத்துச் செய்யும் ஒரு மாத்திரை அங்கே உண்டு. உள்ளே மான் இருக்கிறதா, ஆடா என்று யார் கண்டது? அதனால் மருந்து செய்வதற்கு முன் உயிருள்ள மான்களைத் தாரை தப்பட்டையோடு தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காட்டச் செய்தாராம். இன்ன தேதியில் இவற்றை வைத்து மருந்து செய்யப்போகிறோம் என்ற அறிவிப்போடு! பாவம் மான்கள். ஆனால் பெட்டியில் மான் படம் போட்டால் மட்டும் போதாது என்று புரிந்துகொண்ட ஆள் அவர். 1883இல் பட்டு வியாபாரத்தில் போட்டது அத்தனையும் முழுகிப்போய், 1885இல் இறந்தார். வங்கிகள், மாளிகை எல்லாம் போயின. மருந்துக் கடை மட்டும் நின்றது.

ஷாங்காய்க்கு வந்ததும் கதை வேறு பக்கம் திரும்புகிறது. இங்கே சாட்சிகளே போலி.

ஹுவாங் சூஜியூ என்று ஒரு மருந்து வியாபாரி. 1904இல் மூளைக்கு வலுவூட்டும் ஒரு சத்து நீரைச் சந்தைக்கு விட்டார். லேபிளில் ஒரு வெள்ளைக்காரர் படம், டாக்டர் யேல் என்ற பெயர். அப்படி ஒரு டாக்டர் இல்லவே இல்லை. வெளிநாட்டு மருந்து என்றால் மதிப்பு இருந்த காலம் அது. படித்த நகரத்து ஆளுக்குத் தாத்தா முகத்தைவிடத் துரை முகம் பெரிய சாட்சி. சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. அதே ஹுவாங் 1911இல் தலைகீழாகத் திரும்பினார். அப்போது சீனச் சுவர்களெல்லாம் ஜப்பானின் ஜிந்தான் மாத்திரை விளம்பரம். இறகு வைத்த தொப்பி, முறுக்கு மீசை, சீருடையில் ஒரு மனிதர் தலை. அதற்குப் போட்டியாக ஹுவாங் ஒரு மாத்திரை கொண்டுவந்தார். பெயரும் கிட்டத்தட்ட அதேதான். சின்னம் மட்டும் டிராகனும் புலியும். ஜப்பான் பொருள்களைப் புறக்கணிக்கும் அலை 1915இலும் 1919இலும் எழுந்தபோது அந்த டிராகனுக்கும் புலிக்கும் தேசப்பற்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஜப்பானியர்கள் வழக்குப் போட்டார்கள். அது வருடக்கணக்கில் இழுத்தது. பத்து வருடத்துக்குள் துரை முகத்தையும் சுதேசிப் புலியையும் ஒரே கையால் விற்ற மனிதரை என்ன சொல்வது? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கொஞ்சம் பிரமிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்.

1914இல் சாங் தோட்டம் என்ற பொழுதுபோக்கு இடத்தில் ஜெங் மான்துவோ என்ற இளம் ஓவியர் மாட்டி வைத்திருந்த பெண்களின் ஓவியங்களைப் பார்த்து மொத்தமாக வாங்கியதும் இதே ஹுவாங்தான். கரித்தூளைத் தாளில் தேய்த்து நிழல் கொடுத்து, அதன்மேல் நீர்வண்ணம் ஏற்றுவது ஜெங்கின் கைவண்ணம். கன்னம் தொட்டால் சூடாக இருக்கும் போலத் தெரியும். அந்தப் பெண்கள் காலண்டரில் ஏறினார்கள். காலண்டரின் ஓரத்தில் மருந்தின் பெயர். பெட்டி ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும். காலண்டர் ஒரு வருடம் சுவரில் இருக்கும். ஷாங்காயில் பிரசாரச் சுவரொட்டிகளைச் சேகரித்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் இந்தக் காலண்டர் அழகிகளுக்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் மாவோ. பிற்பாடு நடந்ததற்கு அந்த அடுக்கே விளக்கம். கலாச்சாரப் புரட்சியில் பழைய பெயர்கள் எல்லாம் பிற்போக்கு ஆகின. தோங்ரென்தாங் தன் பெயர்ப் பலகையை இழந்தது, ஹூ சிங் யூ தாங் ஹாங்ஜோ மருந்துத் தொழிற்சாலை ஆனது, கான்டனின் புகழ்பெற்ற மூலிகைத் தேநீர்க் கடை வாங் லாவோ ஜி வெறும் எண் கொண்ட ஆலையாகிவிட்டது. நிறுவனர் முகம் இருந்த இடத்தில் மாவோவின் வாசகங்கள் வந்தன. அரசே ஒரே கடைக்காரன் என்று ஆனபின் யாரிடம் எதை நிரூபிப்பது? அந்தக் காலத்துப் பெட்டிகள்தான் இருப்பதிலேயே எளிமையானவை, சுத்தமானவை. இன்றைய வடிவமைப்புக் கல்லூரிக்காரர்கள் விரும்பிச் சேகரிப்பதும் அவற்றைத்தான்.

வாங் லாவோ ஜியை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1828இல் தொடங்கியது. உடல் சூட்டைத் தணிக்கும் கஷாயம் என்று பெயர். ஆனால் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது ரத்தச் சிவப்பில் ஒரு டின். குளிர்ச்சிக்குச் சிவப்பு என்ற முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பெயரின் உரிமை கான்டன் அரசு நிறுவனத்திடம். வாடகைக்கு எடுத்துச் சிவப்பு டின்னில் விற்றுப் பெரிதாக்கியது இன்னொரு நிறுவனம். 2012இல் பெயர் கையைவிட்டுப் போனதும், அந்தச் சிவப்பு யாருடையது என்று சண்டை மூண்டது. 2017இல் சீன உச்ச நீதிமன்றம் இருவரும் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்த்தது. மளிகைக் கடை அலமாரியில் இரண்டு டின்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

ஹாங்காங்கில் மருந்துக் கடைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை. மோங் காக் நடைபாதையில் நடக்கவே விடாமல் அவை மறிக்கும். அங்கே ஒரு விஷயம் கவனித்தேன். முகங்கள். அலமாரி முழுக்கக் கிழவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வோங் தோ யிக் மூட்டுவலித் தைலத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட நிறுவனர். வயிற்று உபாதைக்கான போ சாய் மாத்திரைப் பெட்டியில் இன்னொரு பெரியவர். அழகுக்காக யாரும் இந்த முகங்களைப் போடவில்லை என்பது பார்த்தாலே தெரியும். பாஸ்போர்ட் படம் போல நேராக, சிரிக்காமல் இருக்கிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஆளைப் பிடியுங்கள் என்று தன்னையே ஜாமீனாக எழுதிக்கொடுத்த முகம் அது. நின் ஜியோம் இருமல் பாகில் மட்டும் முகத்துக்குப் பதில் ஒரு காட்சி. தாய்க்கு மகன் பணிவிடை செய்யும் படம். பெற்ற தாய்க்குக் கொடுத்ததைத்தான் உனக்கும் கொடுக்கிறேன் என்பதைவிடப் பெரிய உத்தரவாதம் சீனத்தில் ஏது?

சிங்கப்பூரில் சைனாடவுனின் நடுவே ஓடும் சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்தே பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பக்கம் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல். அதே சாலையில் எதிர் வரிசையில் கொஞ்சம் நடந்தால் யூ யான் சாங் மருந்துக் கடை. 1879இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங் என்ற ஈயச் சுரங்க ஊரில் தொடங்கியது. அபினுக்கு அடிமையாகிக் கிடந்த சுரங்கக் கூலிகளுக்கு மருந்து விற்றவர்கள், அவர்கள் சம்பாதித்த பணத்தைச் சீனாவில் இருக்கும் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்கும் வேலையும் செய்தார்கள். மருந்தையும் பணத்தையும் ஒரே பெயரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று உள்ளே வெள்ளை விளக்கு, வெளிர் நிறப் பெட்டிகள், நிறைய வெற்றிடம். கொரியாவின் முகப்பூச்சுக் கடைக்குள் தவறி நுழைந்துவிட்டோமோ என்றிருக்கிறது. நூறு வருடம் பேர் வாங்கியவன் பேசாமல் இருக்கலாம். புதிதாக வருகிறவன்தான் பெட்டி முழுக்கப் பேசியாக வேண்டும்.

சாலை முடியும் இடத்தில் நீல் சாலை தொடங்குகிறது. அங்கே 89ஆம் எண் கட்டடம்தான் டைகர் பாம் வளர்ந்த பழைய ஆலை. பிறந்தது ரங்கூனில். ஃபுஜியானிலிருந்து வந்த ஆ சூ கின் என்ற வைத்தியர் 1870களில் அங்கே ஏங் ஆன் தோங் என்ற மருந்துக் கடை வைத்தார். மகன்கள் ஆ பூன் ஹா, ஆ பூன் பார். மூத்தவர் பெயரிலேயே புலி இருக்கிறது. 1920களில் சகோதரர்கள் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். ரங்கூன் அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெருவில் பர்மியம், தமிழ், தெலுங்கு, வங்காளம், சீனத்திலேயே பல வழக்குகள். அத்தனை பேர் தலைவலிக்கும் ஒரே களிம்பை விற்க வேண்டும் என்றால் எழுத்து உதவாது. ஒரு மிருகம் உதவும். பாய்கிற புலிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

புலிக்கும் களிம்புக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது கற்பூரம், மென்தால், கிராம்பு எண்ணெய், காஜுபுட் எண்ணெய் போன்றவைதான். அந்தச் சிமிழைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு பக்கம். இருட்டில் தலைமாட்டில் துழாவினாலும் விரலுக்குத் தெரியும். போலி செய்கிறவன் ஒரு ராத்திரியில் லேபிளை அச்சடித்துவிடுவான். அறுகோணக் கண்ணாடிக்கு வார்ப்பு செய்ய முதல் போட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சிமிழ் காலியான பிறகும் தூக்கிப் போட மாட்டார்கள். குங்குமமோ ஊக்கோ அதில் குடியேறிவிடும். அதுவும் விளம்பரம்தான்.

ஆ பூன் ஹாவுக்குச் சிமிழ் போதவில்லை. காரின் முகப்பில் புலித்தலை பொருத்தி, உறுமுகிற ஹாரன் வைத்து ஊரைச் சுற்றினார். விளம்பரத்துக்குக் கூலி கொடுப்பானேன் என்று 1929இல் சொந்தமாகச் செய்தித்தாளே தொடங்கினார். 1937இல் பாசிர் பாஞ்சாங் குன்றில் தம்பிக்காகக் கட்டிய மாளிகையைச் சுற்றிச் சிலைத் தோட்டம் ஒன்று எழுப்பினார். ஹா பார் வில்லா என்று இன்றும் இருக்கிறது, மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே. சீன புராணக் கதைகள் பளபளக்கும் வண்ணச் சிமெண்டில். நரகத்தின் பத்து நீதிமன்றங்களில் பொய் சொன்னவனை, ஏமாற்றியவனை, கடன் திருப்பாதவனை எப்படி அறுக்கிறார்கள், அரைக்கிறார்கள் என்று விவரமாகக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கின்றன, அம்மாக்கள் கண்ணை மூடுகிறார்கள். ஏமாற்றினால் இதுதான் கதி என்று ஒரு மருந்து முதலாளி ஊருக்கே அறிவித்திருக்கிறார். ஹாங்ஜோப் பலகை சொன்னதையே இங்கே ரத்தச் சிவப்பில் சொல்லியிருக்கிறார். தோட்டத்தின் நிறங்கள் மருந்துப் பெட்டியின் நிறங்கள். பெட்டிக்குள் நடந்துபோவது மாதிரி இருந்தது.

புலிக்கு இணையாக, நம் பக்கம் பார்த்தால் புலியைவிட ஒரு படி மேலாக, இன்னொரு சின்னம் இருக்கிறது. கோடாலித் தைலம். லியுங் கை ஃபூக் நிறுவனம், சிங்கப்பூர், 1928. நிறுவனர் லியுங் யுன் சீக்குச் செய்முறை ஒரு ஜெர்மானிய மருத்துவ நண்பரிடமிருந்து கிடைத்தது என்பது நிறுவனத்தின் வரலாறு. ஆக, உள்ளே ஜெர்மனி, மேலே சீனம். எந்த வீட்டிலும் இருக்கிற சாமான், எழுத்தறியாதவனும் கேட்டு வாங்கலாம் என்றுதான் கோடாலியைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்காவுக்குக் கப்பலேறிய ஹஜ் பயணிகள் கையில் கொடுத்தனுப்ப, அது அரபு நாடுகளிலும் வேர்பிடித்தது. தமிழ்நாட்டுக்கு, அக்கரைச் சீமைக்குப் போய்வரும் சபுராளிகளின் பெட்டியில் வந்தது. ராமநாதபுரத்திலும் நாகூரிலும் ஒருவர் அக்கரையிலிருந்து திரும்பியிருக்கிறார் என்பதைத் தெரு முதலில் மூக்கால்தான் அறியும்.

1999 முதல் சிங்கப்பூர் அரசு பெட்டியில் அடைத்து விற்கும் சீன மருந்துகளைப் படிப்படியாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சேர்மானத்தை ஆங்கிலத்தில் அளவோடு போட வேண்டும், காலாவதித் தேதி வேண்டும், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, காசநோய் உட்பட 19 வகை உபாதைகளின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது. பழைய துண்டுத் தாள்களில் தலைமுதல் கால்வரை எல்லா நோயும் தீரும். இப்போது அந்த வாய்வீச்செல்லாம் அடங்கிவிட்டது. சட்டம் எழுத்தை மட்டும் பிடித்தது, படத்தை விட்டுவிட்டது. புலி பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. முகங்கள் முறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. முகத்துக்குப் பக்கத்தில் மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டும், செல்போனால் சரிபார்க்க ஒரு கட்டக் குறியீடும் புதிதாக இடம்பிடித்திருக்கின்றன. இருந்ததை யாரும் எடுக்கவில்லை, மேலே மேலே சேர்க்கிறார்கள்.

கிளம்பும் முன் சிராங்கூன் சாலைப் பக்கம் முஸ்தபா கடைக்குப் போனேன். ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை மிதிக்கிற இடம். தைலம் அடுக்கியிருந்த வரிசையில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். கட்டுமான வேலை, புதுக்கோட்டைப் பக்கம் ஊர், இரண்டு வருடம் கழித்து லீவு. கோடாலித் தைலப் பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பினார், விளக்குக்கு நேராகப் பிடித்தார், கோடாலிப் படத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

“ஒரிஜினல்தானேண்ணே?”

“முஸ்தபாவுலேயே சந்தேகமா தம்பி?”

“இல்லண்ணே, ஊர்ல எல்லாத்துக்கும் டூப்ளிகேட் வந்துடுச்சு. அம்மா பாட்டிலைத் தொறக்கவே மாட்டாங்க. மொதல்ல கோடாலியைத்தான் பாப்பாங்க. கைப்பிடி கொஞ்சம் கோணலா இருந்தாக்கூட வேணாம்னுடுவாங்க.”

பக்கத்தில் 56 மில்லி பெரிய பாட்டில் இருந்தது. கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம் என்று காட்டினேன். அவர் சிரித்தார். ஒரு பெரிய பாட்டிலை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குக் கொடுப்பது? சித்தப்பா வீடு, அத்தை வீடு, பக்கத்து வீடு, ஏஜெண்டுக்கு ஒன்று, விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக வரும் வேன்காரருக்கு ஒன்று என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, சின்னப் பெட்டிகளை டஜன் கணக்கில் கூடையில் அடுக்க ஆரம்பித்தார். அடுக்கும்போதும் ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வைத்தார்.